வன்தட்டின் பாகப்பிரிவினை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும், ஓரளவு புதிய செயலியும் தேவை. இவை இல்லாத, ஆனால் இன்னமும் நன்றாகவே இயங்கும் கணினிகள் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றை எடைக்குப் போட வேண்டியதில்லை; லினக்ஸ் மிண்ட், உபுண்டு, டெபியன் போன்ற திறமூல இயங்குதளங்களை விலையின்றிப் பெற்று நிறுவிக்கொள்ளலாம் என்று நண்பர்களிடம் சொல்லி வருகிறேன். உடனே அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "உள்ளே இருக்கும் படங்களெல்லாம் என்ன ஆகும்?"

நியாயமான அச்சம். நிறுவுவது இன்று எளிய வேலை. அதற்கு முன் வன்தட்டை ஆயத்தப்படுத்துவதில்தான் ஆபத்து இருக்கிறது. வழிகாட்டிகள் பலவும் அதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. பல ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் கடந்தேன். 'விண்டோஸுடன் சேர்த்து நிறுவு' என்பதற்குப் பதிலாக 'முழுத் தட்டையும் அழித்து நிறுவு' என்பதை அழுத்திவிட்டேன். என் மனைவியின் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இரண்டு இயல்கள் போயின. அடுத்த சில வாரங்கள் வீட்டில் நிலவிய அமைதியைப் பற்றி இங்கு எழுதுவதற்கில்லை.

வன்தட்டைப் பூர்விக நிலமாக எண்ணிக்கொள்ளலாம். எந்தப் பங்கு எங்கு தொடங்கி எங்கு முடிகிறது என்று பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுதுவதுபோல, தட்டின் தொடக்கத்தில் ஓர் அட்டவணை எழுதப்பட்டிருக்கும். பழைய எம்பிஆர் முறையில் நான்கு முதன்மைப் பங்குகளுக்கு மேல் இடமில்லை. இன்றைய ஜிபிடி முறையில் பொதுவாக 128 வரை பிரிக்கலாம். அட்டவணை அழிந்ததும் பயிர் அழிந்துவிடுவதில்லை, எல்லைதான் தெரியாமல் போகிறது. அந்நிலையில் தட்டைத் தொடாமல் வைத்தால் மீட்க வழியுண்டு. நானோ புதிய இயங்குதளத்தின் அழகில் மயங்கி இரண்டு நாள் அதிலேயே வேலை செய்துகொண்டிருந்தேன். புதியவர் உழுத வயலில் பழைய பயிரைத் தேட முடியுமா? எஸ்எஸ்டி வகைத் தட்டுகளில் இந்த அவகாசத்தையும் நம்ப முடியாது. புதிதாக வடிவமைக்கும்போதே பழைய தரவு இருந்த இடம் காலியானதாகத் தட்டுக்கு அறிவிக்கப்பட்டுவிடக்கூடும்.

நம் ஊரில் பரவலான ஒரு நம்பிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். முக்கியமானவற்றை 'டி' டிரைவில் போட்டுவிட்டால் பத்திரம் என்கிறார்கள். பழுதுபார்க்கும் கடைகளில் 'சி' டிரைவை மட்டும் ஃபார்மேட் செய்து கொடுத்துப் பழகியதால் வந்த எண்ணம் அது. பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் இரண்டும் ஒரே தட்டின் இரு பங்குகள். முழுத் தட்டையும் அழித்தால் இரண்டும் போகும். எனவே முதல் வேலை, வெளித்தட்டு ஒன்றில் நகலெடுப்பது. நகலெடுத்த கோப்புகள் சிலவற்றை வேறொரு கணினியில் திறந்தும் பார்க்க வேண்டும்.

அடுத்தது பிட்லாக்கர். அண்மைக்கால மடிக்கணினிகள் பலவற்றில் உரிமையாளர் அறியாமலேயே இந்தப் பூட்டு போடப்பட்டிருக்கும். தொடக்க அமைப்புகளில் கைவைத்ததும் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கலாம். அதை முன்பே தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இடம் ஒதுக்கும் வேலையை விண்டோஸுக்குள்ளிருந்தே செய்வது என் வழக்கம். தன் கோப்புகள் எங்கெங்கே கிடக்கின்றன என்பது அதற்குத்தான் நன்றாகத் தெரியும். 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பகுதியில் பெரிய பங்கைச் சுருக்கிக்கொள்ளலாம். சில நேரம் ஏராளமான காலியிடம் இருந்தும் சிறிதளவே சுருக்க முடியும் என்று அது அடம்பிடிக்கும். நகர்த்த முடியாத அமைப்புக் கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருப்பதே காரணம். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியையும் அணைத்துவிட வேண்டும். இல்லையேல் விண்டோஸ் உண்மையில் நிற்காமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். அந்நிலையில் லினக்ஸிலிருந்து அதன் பங்கில் எழுதுவது கேடு. சுருக்கிக் கிடைத்த இடத்தைப் புதிய டிரைவாக மாற்றாமல் வெறுமனே விட்டுவிடலாம். உபுண்டுவுக்கு 25 ஜிபி போதுமென்பார்கள்; அன்றாடப் புழக்கத்துக்கு 100 ஜிபி இருந்தால் நெருக்கடியில்லை.

அந்த வெற்றிடத்தில் இயங்குதளத்துக்கான ரூட் பங்கையும், நம் கோப்புகளுக்கான ஹோம் பங்கையும் 'எக்ஸ்ட்4' வடிவில் தனித்தனியே அமைப்பதை நான் விரும்புகிறேன். ஒரே பங்கு போதும் என்பாரும் உண்டு. ஆனால் பின்னாளில் இயங்குதளத்தை மாற்ற நேர்ந்தால், ஹோம் பங்கை வடிவமைக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இருக்கும் சிறிய இஎஃப்ஐ பங்கையும் வடிவமைக்கக் கூடாது. விண்டோஸ் எழுந்துவருவதற்கான நிரல் அதில்தான் இருக்கிறது.

யுஎஸ்பி-யிலிருந்து இயக்கிப் பார்ப்பதால் மட்டும் தட்டில் எதுவும் மாறுவதில்லை. மாற்றங்களை எழுதுவதற்கு முன் நிறுவல் நிரல் ஒரு சுருக்கப் பட்டியலைக் காட்டி இசைவு கேட்கும். எந்தத் தட்டு, எத்தனை ஜிபி, எது அழியும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இப்போதெல்லாம் அந்தத் திரை வந்ததும் நான் கையைக் கட்டிக்கொண்டு மனைவியை அழைத்துவிடுகிறேன். அவர் வரிவரியாகப் படித்து முடித்துத் தலையசைத்த பின்தான் பொத்தானை அழுத்துகிறேன்.