சிகிச்சைக்காகச் சென்னையில் எங்கே தங்குவது? மீஞ்சூர், பழவேற்காடு பகுதி நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்குமான விளக்கம்

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களிலோ மீஞ்சூர் பகுதியிலோ வாழும் குடும்பத்தில் ஒருவருக்குப் புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு போன்ற நீண்டகால நோய் கண்டறியப்பட்டால், உடனே எழும் கேள்வி: “சென்னைக்கே குடிபோய்விடலாமா?” நோயாளியின் அலைச்சலைக் குறைக்க வேண்டும் என்ற அக்கறையில் எழும் கேள்வி இது. ஆயினும் அவசரமாக வீடு பிடிக்கும் குடும்பங்கள் சில மாதங்களிலேயே வாடகை கொடுக்க இயலாமல் ஊர் திரும்ப நேரிடுகிறது. அத்துடன் சிகிச்சையும் பாதியில் நின்றுவிடுகிறது. சிகிச்சை பாதியில் நிற்பது நோயைவிடப் பெரிய ஆபத்தாக முடியலாம். எனவே மருத்துவமனைக்கு மிக அருகில் உள்ள இடம் எது என்று தேடுவதைவிட, சிகிச்சையின் கடைசி நாள் வரை உங்கள் குடும்பத்தால் தாக்குப்பிடிக்கக்கூடிய இடம் எது என்று தேடுவதே சரியானது.

மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியவை

வீடு தேடுவதற்கு முன், சிகிச்சை எத்தனை நாள் நீடிக்கும், வாரத்துக்கு எத்தனை முறை வரவேண்டும், உள்நோயாளியாக எப்போது சேரவேண்டும் என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிகிச்சையின் வகையைப் பொறுத்து விடை பெரிதும் மாறும்.

• கதிரியக்கச் சிகிச்சை பொதுவாக வாரத்தில் 5 நாட்கள் வீதம் அளிக்கப்படுகிறது. பல நோயாளிகளுக்கு இது 5 முதல் 7 வாரங்கள் வரை நீடிக்கும். மாதத்துக்கு 20 முறைக்கு மேல் பயணம் தேவைப்படுவதால், அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் மருத்துவமனைக்கு அருகில் தங்குவது பயன் தரும்.

• கீமோதெரபி பெரும்பாலும் 2 அல்லது 3 வாரங்களுக்கு ஒருமுறை தரப்படுகிறது. மாதம் ஓரிரு பயணங்களுக்காகக் குடும்பமே இடம்பெயர வேண்டிய தேவை பொதுவாக இல்லை.

• டயாலிசிஸ் பெரும்பாலானோருக்கு வாரத்தில் 2 அல்லது 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் செய்யப்படுகிறது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்படும் வரையிலோ வாழ்நாள் முழுவதுமோ இது தொடரும். ஆகவே இதற்காகச் சென்னையில் வீடு பிடிப்பதைவிட, உங்கள் ஊருக்கு அருகில் டயாலிசிஸ் மையம் உள்ளதா என்று தேடுவதே முதல் வேலை.

குடிபெயராமலே சிகிச்சை பெற முடியுமா?

பல நேரங்களில் முடியும். சென்னை மருத்துவமனையில் சிகிச்சைத் திட்டம் வகுக்கப்பட்ட பின், தொடர் சிகிச்சையைப் பொன்னேரி அரசு மருத்துவமனையிலோ திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பெற இயலுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். எந்த மருத்துவமனையில் எந்த வசதி உண்டு என்பதை 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் கேட்டறியலாம்.

சிறுநீரக நோயாளிகளில் தகுதியுடையோர், வயிற்றுக்குள் திரவம் செலுத்தி வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் முறையைப் பற்றியும் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இதற்கான திரவப் பைகள் வீட்டுக்கே வழங்கப்படுகின்றன. இதற்குத் தூசியற்ற தனி இடம், கை கழுவச் சுத்தமான நீர், பைகளை ஈரம் படாமல் அடுக்கி வைக்க இடம் ஆகியவை வேண்டும். ஊரில் உள்ள வீட்டின் ஓர் அறையைச் செப்பனிடும் செலவு, சென்னையில் சில மாத வாடகையைவிடக் குறைவாக இருக்கலாம்.

காசநோய்க்கான மருந்துகள் எல்லா அரசு சுகாதார நிலையங்களிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. சிகிச்சையின் நடுவில் இடம் மாறினால், நிக்ஷய் பதிவைப் புதிய இடத்துக்கு மாற்றித் தருமாறு காசநோய்ப் பணியாளரிடம் கூறுங்கள். மருந்தை ஒருநாளும் நிறுத்த வேண்டாம்.

இரயில் பாதையை ஒட்டி யோசியுங்கள்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள பழவேற்காட்டுக்கு இரயில் இல்லை. பேருந்தில் பொன்னேரி வந்துதான் இரயில் ஏறவேண்டும். அதிகாலையில் புறப்பட்டு இரவில் திரும்பும் இந்தப் பயணம், சிகிச்சைக்குப் பின் களைத்திருக்கும் உடலுக்குக் கடினம். இதற்கு இடைவழி ஒன்று உண்டு. சென்னை சென்ட்ரல் – கும்மிடிப்பூண்டி புறநகர் இரயில் பாதையில் உள்ள பொன்னேரி, மீஞ்சூர் ஆகிய ஊர்களில் வாடகை நகரத்தைவிடக் குறைவு. மீஞ்சூரிலிருந்து சென்ட்ரலுக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரிலேயே இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை உள்ளது.

திருவொற்றியூர், விம்கோ நகர்ப் பகுதிகளுக்கு 2021 பிப்ரவரி முதல் மெட்ரோ இரயில் வசதியும் உண்டு. மெட்ரோ நிலையங்களில் மின்தூக்கி இருப்பதால், நடைமேம்பாலப் படிகளில் ஏற இயலாத நோயாளிகளுக்கு இது உதவும். அரசு ஸ்டான்லி மருத்துவமனைக்குச் செல்வோர் வண்ணாரப்பேட்டையில் இறங்கலாம். காசிமேட்டில் உறவினர் உள்ள மீனவக் குடும்பங்களுக்கும் ஸ்டான்லி மருத்துவமனை அருகில்தான். அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் சிகிச்சை பெறுவோருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நகரின் வடக்கிலிருந்து தெற்குக்கு நாள்தோறும் சென்று வருவது கடினம் என்பதால், கதிரியக்கச் சிகிச்சை வாரங்களில் அப்பகுதியிலேயே தங்க முயலுங்கள்.

பயணத்தை நோயாளி நலமாக இருக்கும் நாளை வைத்துக் கணக்கிட வேண்டாம். மிகவும் சோர்ந்திருக்கும் நாளில், நெரிசல் மிகுந்த வேளையில், அவரால் திரும்பி வர முடியுமா என்று பாருங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் பராமரிப்பாளர் ஒருமுறை அதே நேரத்தில் அந்த வழியில் சென்று வருவது நல்லது.

நோய்க்கேற்ற வீடு

ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளோர் வாடகை குறைவு என்பதற்காக மட்டும் எண்ணூர், மணலி தொழிற்பகுதிகளில் வீடு பார்க்க வேண்டாம். 2009-ஆம் ஆண்டு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடுமையாக மாசடைந்த பகுதிகளாக அறிவித்தவற்றுள் மணலியும் ஒன்று. அங்கே வீடு பார்க்கும் முன் மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள்.

கீமோதெரபி பெறுவோருக்கு நோய்த்தொற்று எளிதில் ஏற்படும். பலர் பகிரும் அறையைவிட, சிறிதானாலும் காற்றோட்டமுள்ள தனி அறையும் தனிக் கழிவறையும் அவர்களுக்குப் பாதுகாப்பானவை. மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் மேல்மாடி வேண்டாம். தரைத்தளமானால் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அங்கே தண்ணீர் புகுந்ததா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் கலந்து உவர்ப்பேறியுள்ள இடங்கள் உண்டு. இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளோர் உவர்ப்பு நீரைக் குடிக்கக் கூடாது.

குறுகிய காலத் தங்கல்

சில வாரங்கள் மட்டுமே தங்க வேண்டியிருந்தால் வீடு பிடிக்க அவசியமில்லை. மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் தங்குமிடம் பற்றிக் கேளுங்கள். நோயாளியுடன் வருவோருக்காகச் சென்னை மாநகராட்சி சில அரசு மருத்துவமனை வளாகங்களில் காப்பகங்களை நடத்துகிறது. சில அரசு மருத்துவமனை வளாகங்களில் உள்ள அம்மா உணவகங்களில் குறைந்த விலையில் உணவும் கிடைக்கிறது.

வாடகையும் முன்பணமும்

சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் பழக்கம் இன்னும் உள்ளது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறக்கூடாது. எனவே கையொப்பமிடுவதற்கு முன் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். படிக்க இயலாதோர் நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு படிக்கச் சொல்லுங்கள். சிகிச்சை முன்னதாகவே முடிந்தால் வீட்டைக் காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மாத வாடகைக்குப் பதிலாகப் பெருந்தொகையை ஒரே தடவையில் கொடுக்கும் ‘லீசு’ முறையைத் தவிருங்கள். சிகிச்சைக்கு அவசரமாகப் பணம் தேவைப்படும்போது அந்தத் தொகை கைக்கு வராது.

ஊரில் உள்ள பிழைப்பும் உரிமைகளும்

வாடகையைவிடப் பெரிய இழப்பு, ஊரில் நின்றுபோகும் வருமானமாக இருக்கலாம். ஏரியில் முறைவைத்து வலையிடும் ‘பாடு’ உரிமை உள்ள குடும்பம், முறை தவறும் நாட்களில் என்ன செய்வது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். மீன் விற்கும் பெண்ணே பராமரிப்பாளராக இருந்தால், மீஞ்சூர் அல்லது பொன்னேரியில் தங்கும்போது தொழிலை ஓரளவு தொடர முடியும், அடையாற்றில் முடியாது.

குடும்ப அட்டையின் முகவரியை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். மீன்பிடித் தடைக்கால நிவாரணம், மீனவர் நலவாரிய உதவிகள் ஆகியவை சொந்த ஊர்ப் பதிவைச் சார்ந்தவை. 2020 அக்டோபர் முதல் குடும்ப அட்டையைக் கொண்டு தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் உள்ள நியாயவிலைக் கடைகளிலும் பொருட்கள் பெற வழி செய்யப்பட்டுள்ளது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பயன்படுத்தவும் சென்னையில் வசிக்க வேண்டியதில்லை. மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்ட உதவி மையத்தை அணுகுங்கள்.

நோயாளியின் விருப்பம்

நோயாளியிடம் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம். உறவினரும் அண்டை வீட்டாரும் இல்லாத நகர அறையில், பராமரிப்பாளர் வேலைக்குச் சென்றபின் நோயாளி நாள் முழுவதும் தனித்திருக்க நேரிடலாம். குடும்பத்தில் ஒருவர் மட்டும் உடன் வந்து, பிள்ளைகள் ஊரிலேயே படிப்பைத் தொடர்வது பல குடும்பங்களுக்கு ஏற்ற வழியாகும். இரண்டாவது பராமரிப்பாளர் ஒருவரை முன்பே முடிவுசெய்து, வாரம் ஒருநாளாவது முதலாமவருக்கு ஓய்வு கொடுங்கள்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை

எங்கே தங்கினாலும், 24 மணி நேரமும் இயங்கும் அருகிலுள்ள மருத்துவமனை எது என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். கீமோதெரபி பெறுபவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், டயாலிசிஸ் நோயாளிக்கு மூச்சுத்திணறல் அல்லது ஊசி போட்ட இடத்தில் நிற்காத இரத்தப்போக்கு, எவருக்கேனும் நெஞ்சுவலி அல்லது மயக்கம் ஏற்பட்டால் மறுநாள் முதல் இரயிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். 108 ஆம்புலன்ஸை உடனே அழையுங்கள். சிகிச்சைக் குறிப்பேடு, மருந்துச் சீட்டு, காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டையின் நகல் ஆகியவற்றை ஒரே பையில் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருங்கள்.