முத்துக் கடற்கரையில் இன்னொரு 'முத்துமாலை'! குழந்தை இல்லாத பெண்களை மிரட்டும் 'நீர்க்கட்டி' கட்டியே அல்ல!

ஆலந்தலை—

தூத்துக்குடி கடலில் அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ம் ஆண்டோடு நின்றுபோனது. ஆனால் ஸ்கேன் படம் பார்க்கும் டாக்டர்கள் இன்னொரு முத்துமாலையைச் சொல்கிறார்கள். அது இருப்பது கடலில் அல்ல, பெண்ணின் சினைப்பையில்!

சினைப்பை ஓரத்தில் சின்னச்சின்ன உருண்டைகள் கோர்த்தாற்போல நிற்கும். அதுதான் 'நீர்க்கட்டி'. பேரைக் கேட்டதுமே, "ஐயோ, கட்டியா? ஆபரேஷனா?" என்று வீட்டில் அழுகை.

உண்மையில் அவை கட்டியே அல்ல. பாதி வளர்ச்சியில் நின்றுபோன முட்டை உறைகள். முட்டை வெளியே வந்தால்தானே கரு உண்டாகும்? மாதவிலக்கு தள்ளித்தள்ளிப் போவதும் இதனால்தான்.

இன்சுலின் செய்யும் வேலை

பலருக்கு இன்சுலின் உடம்பில் சரியாக வேலை செய்வதில்லை. உடம்பு மேலும் மேலும் சுரக்கிறது. அது சினைப்பையை உசுப்பிவிட, ஆண் ஹார்மோன் கூடிவிடுகிறது. முகத்தில் ரோமம், பரு, முட்டைக்கு முட்டுக்கட்டை எல்லாம் அதன் கைவரிசை!

1935-ல் அமெரிக்காவின் சிகாகோவில் ஸ்டெயின், லெவெந்தால் என்ற இரு டாக்டர்கள் 7 பெண்களின் சினைப்பையில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். 7 பேருக்கும் மாதவிலக்கு திரும்பியது. 2 பேர் கர்ப்பமானார்கள்.

இன்று கத்தி எடுப்பது அபூர்வம். குண்டான பெண்கள் எடையில் 100-க்கு 5 முதல் 10 பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வருகிறது. முட்டையை வளர்க்க லெட்ரோசோல் மாத்திரையும் உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கி விழுங்கக் கூடாது.

மாமியார் பேச்சு

"ஒங்க ஆத்தா வீட்டுச் சீக்குதான் இது!" என்று மருமகளைக் குத்திக்காட்டும் மாமியார்களுக்குப் பஞ்சமில்லை.

பரம்பரை இருக்கிறது, மறுப்பதற்கில்லை. நெதர்லாந்தில் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து 2006-ல் வெளிவந்த கணக்குப்படி, இந்தக் கோளாறில் பரம்பரையின் பங்கு சுமார் 70 சதவீதம். ஆனால் ஒரே ஒரு ஜீன் செய்யும் காரியமல்ல. பல ஜீன்கள் சேர்ந்து செய்வது. தாய்வழியாகத்தான் வரும் என்றும் இல்லை. அப்பா வழியிலும் வரும்!

இன்னொன்று. குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆண் பக்கக் குறையும் சேர்ந்திருக்கிறது. பழி மட்டும் பெண்ணுக்கு!

தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்கு மனைவியை மட்டும் பஸ் ஏற்றிவிட்டு, புருஷன் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தால் போதாது. விந்துப் பரிசோதனைக்கு ஊசியும் இல்லை, வலியும் இல்லை. அதற்கு முன் 2 முதல் 7 நாள் வரை விலகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.