நிழலில் கிடக்கும் இலை

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல், மருத்துவத்துக்கு அல்லாத கஞ்சா வளர்ப்பும் சட்டத்துக்கு உட்பட்ட தொழில். பெரிய கூடங்களுக்குள், வெயில் எட்டிப் பார்க்காத அறைகளில், எல்இடி விளக்குகளின் கீழே செடிகள் வரிசையாக நிற்கின்றன. அங்கே நடக்கும் ஒரு வேலை முதலில் பார்ப்பவரைப் பதறவைக்கும். பூக்கும் பருவத்தில் நல்ல பச்சை இலைகளைக் கைநிறையக் கிள்ளி எடுத்துவிடுகிறார்கள். பூ நன்றாகப் பிடிக்கவேண்டும் என்பதற்காகவாம். செடிக்கு உணவு சமைப்பதே இலைதான். அதைக் கழித்தால் விளைச்சல் எப்படிக் கூடும்?

வளர்ப்பவர்கள் பலர் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். அடியில் நிழலில் கிடக்கும் இலை வேலை செய்யாமல், மேலே உள்ள இலைகள் சமைத்த சர்க்கரையைத் தின்று தீர்க்கிறது. அதை எடுத்துவிட்டால் அந்தச் சர்க்கரை பூவுக்குப் போகும் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. செடிக்குள் அப்படி நடப்பதில்லை.

டர்ஜன், வெப் என்ற இரு ஆய்வாளர்கள் 1973இல் பூசணி இலைகளைக் கொண்டு இதை ஆராய்ந்தார்கள். கதிரியக்கக் கார்பன் கலந்த காற்றை ஓர் இலைக்குக் கொடுத்தால், அது செய்யும் சர்க்கரை எங்கெல்லாம் பயணம் போகிறது என்று தடம் பிடிக்கலாம். தளிர் இலை மற்ற இலைகளிடமிருந்து சர்க்கரை வாங்கி வளர்கிறது. விரிந்து முற்ற முற்ற வாங்குவதை நிறுத்திவிட்டுக் கொடுக்கத் தொடங்குகிறது. இந்த மாற்றம் நுனியில் ஆரம்பித்து அடிவரை இறங்கி வருகிறது. முற்றிய பிறகு அந்த இலையை இருட்டில் வைத்தாலும் அது மறுபடி வாங்குவதில்லை. கொடுக்கத் தொடங்கிய இலை, பட்டினி கிடந்தாலும் கையேந்தாது. செடிகளைப் பற்றி நான் அறிந்தவற்றில் என்னை மிகவும் வியக்கவைத்தது இதுதான்.

அப்படியானால் நிழலில் சிக்கிய இலை என்ன ஆகும்? சுவாசத்தில் செலவாகும் அளவுக்குக்கூட ஒளிச்சேர்க்கையில் வரவு இல்லை என்றால், அது தன் கையிருப்பைக் கரைத்துக்கொண்டு நிற்கும். செடி அதை வெறுமனே கைவிடுவதில்லை. இலையின் நைட்ரஜனில் பெரும்பகுதி பசுங்கணிகங்களில், ஒளிச்சேர்க்கைக்கான புரதங்களாக இருக்கிறது. அந்தப் புரதங்களைப் பிரித்து, நைட்ரஜனை வெளிச்சம் படும் மேல் இலைகளுக்கு ஏற்றி அனுப்புகிறது செடி. நாம் பழுப்பு என்று சொல்லும் மஞ்சள் நிறம் அந்த மீட்பு வேலையின் அடையாளம். பழுத்த இலையைக் கிள்ளினால் செடிக்குப் பெரிய இழப்பில்லை, எடுக்கவேண்டியதை அது எடுத்துவிட்டது. பச்சையாக இருக்கும்போதே கிள்ளினால் அந்த நைட்ரஜன் குப்பைக்குப் போகிறது.

ஆனாலும் இலை கிள்ளுவதில் பயன் உண்டு. காரணம் வேறு, அது விளக்கின் கீழே வளர்ப்பதோடு சேர்ந்து வருவது. வெளியில் சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே நகர்கிறது, காற்று இலைகளை அசைக்கிறது. காலையில் நிழலில் இருந்த இலைக்கு மாலையில் வெயில் கிடைக்கும். அறைக்குள் விளக்கு நகர்வதில்லை. நிழலில் மாட்டிய இலையும் பூவும் கடைசிவரை நிழலில்தான். அதோடு, வேர் உறிஞ்சும் தண்ணீரில் மிகப் பெரும்பகுதி இலைகள் வழியாக ஆவியாக வெளியேறுகிறது. இலைகள் நெருங்கி மூடிய செடிக்குள் அந்த ஈரம் தேங்கி நிற்கும். பொட்ரைட்டிஸ் என்ற சாம்பல் பூஞ்சணத்துக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. கஞ்சாவின் இறுகிய பூங்கொத்துக்குள் புகுந்து உள்ளிருந்தே அழுகவைக்கும். காற்றுக்கு வழிவிடுவதுதான் இலை எடுப்பதற்கு மிக நேர்மையான காரணம் என்பது என் கருத்து.

நுனியைக் கிள்ளுவது தனிக் கதை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பிகேஎம்-1 செடிமுருங்கை பயிரிடுபவர்களுக்கு இது புதிதல்ல. முக்கால் மீட்டர் உயரம் வந்ததும் நுனிக்கொழுந்தைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும். கஞ்சா வளர்ப்பவர்கள் செய்வதும் அதேதான். 1930களில் திமான், ஸ்கூக் என்ற இரு ஆய்வாளர்கள் நுனி வெட்டிய அவரையினச் செடியின் வெட்டுவாயில் ஆக்சின் என்ற ஹார்மோனைத் தடவினார்கள், பக்க மொட்டுகள் உறக்கம் கலையவில்லை. நுனியிலிருந்து இறங்கும் ஆக்சினே மொட்டுகளை அடக்கி வைக்கிறது என்று பல பத்தாண்டுகள் பாடம் நடத்தப்பட்டது. 2014இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் பெவரிட்ஜ் குழுவினர் பட்டாணிச் செடியில் கவனமாக அளந்து பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. மொட்டுக்கு அருகிலுள்ள தண்டில் ஆக்சின் குறைவதற்கு முன்பே மொட்டு வளரத் தொடங்கிவிடுகிறது! முதலில் வந்து சேர்வது சர்க்கரை. நுனி இழுத்துக்கொண்டிருந்த சர்க்கரை, நுனி போனதும் மொட்டுகளுக்குத் திரும்புகிறது. அதுவே அவற்றை எழுப்புகிறது.

அந்தச் சர்க்கரையைச் செய்வது யார்? இலைகள். எனவே நுனியையும் வெட்டி, அதே நாளில் இலைகளையும் மொட்டையடிப்பவர், ஒரு கையால் எழுப்பிய மொட்டை மறு கையால் பட்டினி போடுகிறார்.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு இலையின் பக்கம் இன்னும் வலுவாக நிற்கிறது. விளக்கொளியைக் கூட்டக் கூட்ட, நண்பகல் வெயிலை நெருங்கும் அளவுவரை, பூவின் விளைச்சல் நேர்கோடாக ஏறிக்கொண்டே போனது. தனி இலையின் ஒளிச்சேர்க்கையோ அதற்கு வெகு முன்பே தேங்கிவிட்டது. மேல் இலை நிறைந்த பிறகு வரும் ஒளி இடுக்குகள் வழியாக உள்ளே இறங்க, அங்கே நிழலில் கிடந்த இலைகள் அதை விளைச்சலாக்கின என்று கொள்வதே பொருத்தம். இஸ்ரேலின் வோல்கனி ஆய்வு மையத்தில் மருத்துவக் கஞ்சாவை வைத்துச் செய்த சோதனைகளில் இலை, கிளை நீக்கத்தால் கிடைத்த குறிப்பிடத்தக்க பயன், மேல் பூவுக்கும் அடிப் பூவுக்கும் இடையே மருந்துச் சத்தின் வேறுபாடு குறைந்ததுதான். மருந்துக்கு அந்தச் சீர்மை பெரிய விஷயம். விளைச்சலைக் கூட்டும் மந்திரம் என்று மட்டும் அதை யாரும் சொல்லக் கூடாது.

நம் நாட்டில் அனுமதியின்றிக் கஞ்சா பயிரிடுவது 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் இலையின் இந்தக் கணக்கு மாடித்தோட்டத்துத் தக்காளிக்கும் பொருந்தும். மண்ணைத் தொடும் இலைகளையும் பழுத்த இலைகளையும் நோய்ப்புள்ளி விழுந்த இலைகளையும் எடுத்துவிடுங்கள். செடி நெருக்கமாகிவிட்டால் காற்றுப் போக நடுவில் நாலைந்து இலை எடுக்கலாம். மற்றபடி பச்சை இலையை விட்டுவையுங்கள்.