சக்கர வீடும் சண்டமாருதமும்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி அருந்திக்கொண்டிருக்கையில், மூத்த உறுப்பினர் ஒருவர் தம் மகளும் மருமகனும் ஃப்ளோரிடாவில் ஒரு வண்டி வீடு வாங்கியிருக்கும் செய்தியைப் பெருமிதத்தோடு சொன்னார். படுக்கை, அடுப்படி, குளியலறை, குளிர்பெட்டி யாவும் ஒருங்கே அமைந்த மோட்டார் வண்டி அது. ஆர்.வி. என்று அந்நாட்டார் சுருக்கி அழைக்கிறார்கள். வருகிற ஆவணியில் அவரும் மனைவியாரும் அங்கே சென்று, அவ்வண்டியிலேயே தென்கோடித் தீவுகளுக்குப் பிரயாணம் போவதாக ஏற்பாடு. "அது புயல் காலமாயிற்றே, ஐயா!" என்றோம். "வீட்டுக்கே சக்கரம் இருக்கும்போது புயலுக்கு என்ன பயம், தம்பி? கிளப்பிக்கொண்டு போய்விட்டால் ஆயிற்று" என்றார்.

ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்குச் சக்கரத்தின் மீது அத்தனை நம்பிக்கை கிடையாது. 2021ஆம் ஆண்டு மே மாதம் யாஸ் புயல் வங்கக் கரையை நெருங்கியபோது, ஹௌராவை அடுத்த ஷாலிமார் நிலையத்தில் நின்ற வண்டிகளின் சக்கரங்களைத் தண்டவாளத்தோடு இரும்புச் சங்கிலியால் பிணைத்துப் பூட்டுப் போட்டார்கள். பத்திரிகையில் வந்த அந்தப் படத்தைப் பார்த்து நம் நண்பர்கள் சிலர் நகைத்தார்கள். எஞ்சின் இழுத்தால்தான் வண்டி ஓடும் என்று உலகம் நினைக்கிறது. காற்றுத் தள்ளினாலும் ஓடும் என்பது எங்கள் இலாகாவுக்குத் தெரியும். அந்தப் பெரியவரிடம் அன்று சொல்ல நேரமில்லாமற் போனதை இங்கே எழுதுகிறோம். நம் குடும்பங்களில் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர் பலர். அவர்கள் போகும் மாதங்களே அங்கே புயல் மாதங்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அட்லாண்டிக் கடலின் புயல் காலம்; அதிலும் உச்சம் செப்டம்பரின் முற்பகுதி.

ஃப்ளோரிடாவின் தென்முனையிலிருந்து கடலுக்குள் வில்போல் வளைந்து செல்லும் தீவு வரிசைக்குக் கீஸ் என்று பெயர். 42 பாலங்களைக் கோத்துக்கொண்டு சுமார் 182 கிலோமீட்டர் தூரம் ஓடும் ஒரே நெடுஞ்சாலை அத்தீவுகளை நாட்டோடு இணைக்கிறது. பெரும்பகுதி இரண்டு தடமே உள்ள பாதை. சக்கர வீட்டுக்காரர்கள் குளிர்நாட்களிலும் கோடையிலும் விரும்பிச் சென்று தங்கும் கடற்கரை முகாம்கள் அங்கே நிறைய உண்டு. அச்சாலை முன்னாளில் ஒரு ரயில் பாதை என்பது அங்கே போகிறவர்களிற் பலருக்குத் தெரியாது. ஹென்றி ஃப்ளாக்ளர் என்ற செல்வர் கடலின்மேல் பாலம் பாலமாகக் கட்டி, 1912 ஜனவரியில் கீ வெஸ்ட் வரை ரயிலை ஓட்டினார். நம் பாம்பன் பாலம் திறந்ததற்கு இரண்டாண்டு முந்திய சமாசாரம்.

அந்த ரயிலின் முடிவுதான் நாம் சொல்ல வந்தது. 1935ஆம் ஆண்டு செப்டம்பர் 2, அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறை. முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய வீரர்கள் பலர், பிழைப்புக்கு வழியின்றி, அத்தீவுகளில் சாலை போடும் வேலைக்கு வந்து கொட்டகைகளில் தங்கியிருந்தார்கள். புயல் நெருங்கிவிட்டது என்று தெரிந்த பிறகே அவர்களை மீட்க மியாமியிலிருந்து ஒரு விசேஷ ரயில் புறப்பட்டது. புறப்பட்டபோது பிற்பகல் நான்கு மணிக்கு மேலாகிவிட்டது. விடுமுறைப் படகுகளுக்காகத் திறந்துவிட்ட தூக்குப் பாலத்தருகே சிறிது நேரம் நின்றது. திரும்பி வரும்போது முகம் முன்னே இருக்கட்டும் என்று ஹோம்ஸ்டெட் நிலையத்தில் எஞ்சினைத் திருப்பிப் பூட்டினார்கள்; அதில் சிறிது நேரம் போயிற்று. வழியில் காற்றில் தொங்கிய ஒரு கம்பிவடம் எஞ்சினில் மாட்டிக்கொண்டதில் ஒரு மணிக்கு மேல் கழிந்தது. இரவு எட்டரை மணி சுமாருக்கு வண்டி இஸ்லமொராடா வந்தடைந்தது. சற்றைக்கெல்லாம் கடல் பெருகிவந்து பெட்டிகளைப் புரட்டித் தள்ளியது. தண்டவாளத்தில் நின்றது எஞ்சின் மட்டுமே. அப்புயலில் மாண்டவர்கள் 400-க்கு மேற்பட்டோர். ரயில் பாதை மீண்டும் எழவில்லை. பாலங்களை அரசாங்கம் வாங்கி, அவற்றின்மேல் சாலை போட்டு, 1938-ல் திறந்தது.

1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் வண்டியை நினைக்காமல் இதை எழுத நம்மால் முடியவில்லை. அதைப்பற்றி இதற்குமேல் வேண்டாம். நேயர்கள் வீட்டிலேயே அறிந்தவர்கள் இருப்பார்கள்.

மியாமியிலிருந்து அந்த ரயில் காலையில் புறப்பட்டிருந்தால், எஞ்சினைத் திருப்பவும் கம்பிவடத்தை அறுக்கவும் அவகாசம் இருந்திருக்கும். சக்கர வீட்டின் விஷயமும் இதேதான். சாதாரண மோட்டாரில் போகிறவன் கடைசி நேரத்தில் கிளம்பினாலும் ஒருவேளை தப்பலாம். பன்னிரண்டு மீட்டர் நீளமும் மூன்றரை மீட்டருக்கு மேல் உயரமும் உள்ள பெட்டியை ஓட்டுகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதன் பக்கச்சுவர் கப்பற்பாய் போலக் காற்றை ஏந்துகிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. மணிக்கு 119 கிலோமீட்டர் எட்டினால்தான் ஹரிக்கேன் என்று பெயர். சக்கர வீட்டைக் கவிழ்க்க அவ்வளவு வேண்டியதில்லை. மணிக்கு அறுபத்தைந்து கிலோமீட்டர் சுமாருக்குக் காற்று வீசத் தொடங்கினாலே பாலங்களில் போக்குவரத்தை நிறுத்திவிடுவது அங்குள்ள வழக்கம்.

இதனால்தான் கீஸ் தீவுகளை நிர்வகிக்கும் மன்றோ கவுண்டி ஒரு வரிசை வகுத்திருந்தது. புயற்காற்று வந்து சேர்வதற்குச் சுமார் 48 மணி நேரம் முன்பாக யாத்திரிகர்களும் சக்கர வீட்டுக்காரர்களும் வெளியேறவேண்டும், அதன்பின் இலேசான நிலைவண்டி வீடுகளில் குடியிருப்போர், கடைசியில் கல்வீட்டுக்காரர். 2017-ல் இர்மா புயலின்போது யாத்திரிகர்களுக்குச் செப்டம்பர் 6 காலை ஏழு மணிக்கும், குடிமக்களுக்கு அன்று மாலை ஏழு மணிக்கும் ஆணை பிறந்தது. புயல் கட்ஜோ கீயில் கரையேறியது 10ஆம் தேதி காலை. நீல வானத்தைப் பார்த்துக்கொண்டே மூட்டை கட்டுவது மனத்துக்கு ஒவ்வாதுதான். ஆனாலும் கிளம்பவேண்டிய வேளை அதுவே.

முந்திக் கிளம்பினாலும் எங்கே போவது என்பது வேறு கேள்வி. இர்மாவின் பாதை மேற்கே திரும்பியதில், மியாமியிலிருந்து மேல்கரைக்கு ஓடியவர்களைப் புயல் பின்தொடர்ந்து சென்றது. 2005-ல் நடந்தது இன்னும் கொடுமை. கத்ரீனா நியூ ஆர்லியன்ஸை அழித்துச் சில வாரங்களே ஆன நிலையில் ரீட்டா வருகிறது என்றதும், ஹூஸ்டன் பகுதியில் போகவேண்டியவர்களும் போகத் தேவையற்றவர்களும் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்தார்கள். கடும் வெயிலில் எண்ணெய் தீர்ந்து நின்ற வண்டிகள் வழியை அடைத்தன. முதியோர் இல்லத்திலிருந்து சென்ற ஒரு பஸ் தீப்பற்றி 23 பேர் மாண்டார்கள். வெளியேற்றத்திலேயே நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள்; புயலோ ஹூஸ்டனை விட்டுக் கிழக்கே விலகிப் போயிற்று. அந்த நினைவினால் 2017-ல் ஹார்வியின்போது அந்நகரத்தார் வெளியேற்ற ஆணை பிறப்பிக்கவில்லை. வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. எது சரி என்று இங்கிருந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல நாம் யார்? கரையோரத்துச் சக்கர வீட்டுக்காரருக்கு மட்டும் இந்தச் சங்கடம் இல்லை. எந்தப் பட்டியலிலும் அவர் போகவேண்டியவரே.

அனுபவமுள்ளவர்கள் ஜூன் மாதத்துக்கு முன்பே உள்நாட்டில், வெவ்வேறு திசையில், இரண்டு முகாம்களைப் பார்த்து வைக்கிறார்கள். எண்ணெய்க் கணக்கும் போடுகிறார்கள். கீ வெஸ்டிலிருந்து ஜார்ஜியா எல்லை 800 கிலோமீட்டருக்கு மேல். பெரிய வண்டி லிட்டருக்கு மூன்று நான்கு கிலோமீட்டர்தான் ஓடும். ஆகவே 200 லிட்டருக்கு மேல் வேண்டும். ஆணை பிறந்தபின் பம்புகளில் எண்ணெய் கிடைப்பது அரிது. புயல் மாதங்களில் தொட்டி பாதிக்குக் கீழே இறங்கவிடுவதில்லை.

டயர் விஷயம் நம்மைப் பெரிதும் கவர்ந்தது. இவ்வண்டிகள் ஆண்டில் பெரும்பகுதி நின்றபடியே இருப்பதால், டயர் தேயாமலே கிழடாகிவிடும்; மேலே பார்த்தால் புதிதுபோல் தோன்றும். அதன் பக்கத்தில் பொறித்த எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டுகின்றன. நம் சரக்கு வாகன்களில் அடுத்த பி.ஓ.எச். தேதியை எழுதி வைப்பதில்லையா, அதுபோல. வண்டியின் உயரத்தைச் சீட்டில் எழுதி ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டி வைப்பதும் நல்ல வழக்கம். பழக்கமில்லாத மாற்றுவழியில் தாழ்வான பாலம் ஒன்று குறுக்கிட்டால் அப்போது அளந்துகொண்டிருக்க முடியாது.

கிளம்பும்போது கழிவுத் தொட்டிகளைக் காலி செய்து, குடிக்க வேண்டிய அளவுக்கு மட்டும் நீர் நிரப்புகிறார்கள். லிட்டருக்கு ஒரு கிலோ பாரமல்லவா? எரிவாயு உருளையின் வாயை மூடி, வெளியே நீட்டிய அறைகளையும் நிழற்பாயையும் உள்ளே இழுத்துப் பூட்டுகிறார்கள். காகித வரைபடம் ஒன்று அவசியம், புயலுக்குப்பின் கைபேசி உதவாது. வண்டியை விட்டுவிட்டுக் காரில் போக நேர்ந்தாலோ எல்லாம் தலைகீழ்: மரங்களுக்கு அப்பால் நிறுத்தி, கட்டை கொடுத்து, பாரத்துக்காக நீர்த்தொட்டியை நிரப்பிவிட்டுப் போகிறார்கள். வண்டிக்குள்ளேயே தங்குவது என்பது எந்த நிலையிலும் கூடாது.

நம் பெரியவர்கள் செய்யவேண்டியது கொஞ்சமே. பாஸ்போர்ட்டையும் இன்ஷூரன்ஸ் தாளையும் நீர் புகாத உறையிலிட்டு இடுப்போடு வைத்துக்கொள்ளட்டும். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் பெட்டிக்குள் போகவேண்டாம், கைப்பையில் இருக்கட்டும். இவையெல்லாவற்றையும்விட, மகளோ மருமகனோ "கிளம்பலாம்" என்று சொன்னால், வெயில் அடிக்கிறதே என்று வாதாடாமல் எழுந்துவிட வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கடினமான காரியம் இதுதான்.

திரும்புவதற்கும் அவசரப்பட முடியாது. இர்மாவுக்குப் பின் பாலங்கள் சோதனையிடப்பட்டன. வடபகுதித் தீவுகளின் குடிமக்களைச் செப்டம்பர் 12 அன்று உள்ளே விட்டார்கள். கீ வெஸ்ட்வாசிகள் 17 வரை காத்திருந்தார்கள். யாத்திரிகர்களுக்குத் தீவுகள் திறந்தது அக்டோபர் 1ஆம் தேதி. அவர்கள் வெளியேறி அப்போது ஏறக்குறைய நான்கு வாரம் ஆகியிருந்தது.