ஏழு கண்டங்களில் கடைசியாக எட்டப்பட்ட உச்சி: அண்டார்டிகாவின் வின்சன் சிகரம்

எவரெஸ்ட் சிகரத்தில் மனிதன் கால் பதித்து 13 ஆண்டுகள் கடந்த பின்னரே அண்டார்டிகாவின் மிக உயரமான சிகரமான வின்சன் எட்டப்பட்டது. ஏழு கண்டங்களின் உச்சிகளில் கடைசியாக ஏறப்பட்டது இதுவே. உயரம் 4,892 மீட்டர் மட்டுமே என்றாலும், இதன் தொலைவும் குளிருமே மனிதனை நெடுங்காலம் தடுத்து நிறுத்தின.

தென் துருவத்திலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் தொலைவில், எல்ஸ்வொர்த் மலைகளின் சென்டினல் தொடரில் இச்சிகரம் அமைந்துள்ளது. 1935-இல் விமானத்தில் அண்டார்டிகாவைக் கடந்த அமெரிக்கர் லிங்கன் எல்ஸ்வொர்த் இத்தொடரைக் கண்டார். எனினும், வின்சன் சிகரம் 1958-இல்தான் அமெரிக்கக் கடற்படை விமானத்திலிருந்து அடையாளம் காணப்பட்டது. அண்டார்டிக் ஆய்வுக்கு ஆதரவளித்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கார்ல் வின்சனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

முதல் வெற்றி

நிக்கோலஸ் கிளின்ச் தலைமையிலான பத்துப் பேர் கொண்ட அமெரிக்கக் குழுவில் நால்வர் 1966 டிசம்பர் 18-ஆம் தேதி உச்சியை அடைந்தனர். அடுத்த சில நாள்களில் எஞ்சிய அறுவரும் ஏறி முடித்தனர். வின்சனைவிட 40 மீட்டர் மட்டுமே தாழ்ந்த, ஆனால் மிகக் கடினமான டைரீ சிகரத்தையும் அதே குழுவினர் 1967 ஜனவரியில் வென்றனர்.

சவால் எங்கே?

வின்சனின் வழக்கமான பாதை செங்குத்தானதன்று. ஆனால், கோடையிலும் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி வரை இறங்கும். துருவப் பகுதியில் காற்றழுத்தம் குறைவு என்பதால், இதே உயரமுள்ள பிற மலைகளைவிட இங்கு மூச்சுத் திணறல் அதிகம். சிலி நாட்டின் புன்டா அரினாஸ் நகரிலிருந்து யூனியன் பனியாற்றுக்கும், அங்கிருந்து சிறு விமானத்தில் மலையடிவாரத்துக்கும் செல்ல வேண்டும். வானிலை மோசமானால் விமானம் வராது; மீட்பும் காத்திருக்க வேண்டியதுதான். மனிதக் கழிவு உட்பட அனைத்தையும் திரும்பக் கொண்டுவருவதும் கட்டாயம்.

இந்தியத் தடங்கள்

ஆந்திரத்தைச் சேர்ந்த மல்லி மஸ்தான் பாபு, 2006-இல் ஏழு கண்டங்களின் உச்சிகளையும் 172 நாள்களில் எட்டிய தமது பயணத்தை வின்சனிலிருந்தே தொடங்கினார். ஓடும் ரயிலிலிருந்து தள்ளப்பட்டு ஒரு காலை இழந்த அருணிமா சின்ஹா, செயற்கைக் காலுடன் 2019 ஜனவரியில் இதன் உச்சியை அடைந்தார்.