ஒலியொப்புமையும் சொற்பிறப்பும்: ‘ரோம்’ என்னும் ஆங்கில வினைச்சொல்லை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

உலாவுதல், திரிதல் ஆகிய பொருள்களில் வழங்கும் ‘ரோம்’ என்னும் ஆங்கில வினைச்சொல், உரோமை நகருக்குச் சென்ற திருப்பயணிகளின் பெயரிலிருந்து பிறந்தது என்னும் விளக்கம் பரவலாக வழங்கி வருகிறது. அவ்விளக்கம் ஏற்கத்தக்கதன்று என்பதைப் பொருள் வரலாறு, ஒலி வரலாறு, இடைவடிவச் சான்று ஆகிய மூன்றன் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. ஊர்ப்பெயரிலிருந்து மெய்யாகவே பிறந்த இயக்கச் சொற்களோடு இவ்வினை ஒப்பிடப்படுகிறது. இதனால் பெறப்படும் அளவுகோல் தமிழ்ச் சொற்பிறப்பாய்வுக்கும் பொருந்துமாற்றை ‘காசு’ என்னும் சொல்லின்வழி கட்டுரை சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: சொற்பிறப்பியல், நாட்டார் சொற்பிறப்பு, ஒலிமாற்றம், பொருள்மாற்றம், சிலேடை, கடன்சொல்.

முன்னுரை

தொல்காப்பியர் உரியியலில், சொல்லுக்குப் பொருள் அமைந்த காரணம் பார்த்த அளவில் புலப்படாது என்று உரைக்கிறார். காரணம் இல்லை என்று அவர் கூறவில்லை. அது வெளிப்படையாகத் தோன்றாது என்பதே அவர் கருத்து. காரணம் தோன்றாத இடத்தில் ஒரு கதையை அமைத்துக்கொள்வது மனித இயல்பு. வடிவம் விளங்காத சொல்லுக்கு ஒலியால் நெருங்கிய வேறொரு சொல்லைத் தாயாக்கிக் கூறும் இவ்வியல்பை மொழியியலார் நாட்டார் சொற்பிறப்பு என்பர்.

இதனை ஆராய ‘ரோம்’ என்னும் ஆங்கில வினை ஏற்றதொரு களம். கைப்பேசி வழக்கின் வாயிலாக ‘ரோமிங்’ என்னும் அதன் வடிவம் இன்று தமிழ்ப் பேச்சிலும் கலந்துவிட்டது. இவ்வினையும் இத்தாலியத் தலைநகரின் பெயரும் இன்றைய ஆங்கிலத்தில் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. தமிழில் எழுதினால் இரண்டும் ‘ரோம்’ என்றே அமையும். குழப்பம் தவிர்க்க, இக்கட்டுரையில் நகரம் ‘உரோமை’ எனவும் வினை ‘ரோம்’ எனவும் குறிக்கப்பெறும்.

1. பொருள் வரலாறு

இவ்வினை ஏறத்தாழ 1300 முதல் ‘ரோமென்’ என்னும் வடிவில் ஆங்கில நூல்களில் காணப்படுகிறது. நடத்தல், அங்குமிங்கும் நடமாடுதல் என்பன அதன் தொடக்கப் பொருள்களுள் அடங்கும். சாசர் (இறப்பு 1400) இதனைப் பலமுறை ஆள்கிறார். ‘கேன்டர்பரிக் கதைக’ளுள் வீரன் கூறும் கதையில், எமிலி மே மாதக் காலையில் தோட்டத்தினுள் மேலும் கீழுமாக நடக்கிறாள், சிறைப்பட்ட பாலமோன் கோபுர அறைக்குள் இப்புறமும் அப்புறமுமாக நடக்கிறான். இரண்டிடத்தும் இவ்வினையே வருகிறது.

இவ்விரண்டு ஆட்சிகளும் கருதத்தக்கவை. நெடும்பயணம் இவற்றுள் இல்லை, சேருமிடமும் இல்லை. மதில் சூழ்ந்த தோட்டமும் பூட்டிய அறையும் நடைக்கு எல்லையாகின்றன. இவற்றைத் தமிழாக்க முற்படுவோர் ‘திரிதல்’ என்பதைவிட ‘உலாவுதல்’ என்பதையே தேர்வர். எல்லையற்ற வெளியில் மனம்போன போக்கில் செல்லுதல் என்னும் பொருள் பின்னர் மேலோங்கியது. 1600ஐ ஒட்டி இவ்வினை செயப்படுபொருள் ஏற்கத் தொடங்கி, காட்டையோ நாட்டையோ சுற்றித் திரிதல் என்னும் பொருளில் வழங்கலாயிற்று. கண்ணும் மனமும் அலைபாய்தலை உணர்த்தியது அதன் அடுத்த விரிவு. கைப்பேசி தன் நிறுவனத்தின் வலைப்பின்னல் எல்லையைக் கடந்து பிறிதொன்றின் துணையால் இயங்குதலைக் குறிப்பது அண்மைக்கால விரிவு.

ஆகவே, உலாவுதலிலிருந்து திரிதலுக்கு என்பதே இச்சொல்லின் பொருட்போக்கு. திருப்பயணத்திலிருந்து தொடங்கியிருப்பின், தொலைவும் சேருமிடமும் பழைய ஆட்சிகளில் மேலோங்கித் தோன்றிப் பின்னர் மங்கியிருத்தல் வேண்டும். சாசரின் ஆட்சி இதற்கு நேர்மாறாக உள்ளது. அவர் நூலின் கதைமாந்தரே திருப்பயணிகள் என்பதும், பாத் நகரத்துப் பெண் உரோமைக்குச் சென்று வந்தவள் என்று அவர் கூறுவதும் இங்கு எண்ணத்தக்கன. அப்பெண்ணின் வழிநடைப் பழக்கத்தைக் கூறுமிடத்தில் அவர் கையாளும் சொல் ‘வாண்டர்’ என்பதன் பழைய வடிவமே, ‘ரோம்’ அன்று.

2. உரோமைத் திருப்பயண விளக்கம்

இவ்விளக்கத்தைத் தக்க ஆதாரமே இல்லாத கற்பனை என்று ஒதுக்கிவிட இயலாது. உரோமைக்குச் செல்லும் திருப்பயணியைக் குறிக்க இத்தாலியத்தில் ‘ரோமெயோ’, எசுப்பானியத்தில் ‘ரொமேரோ’, பழைய பிரெஞ்சில் ‘ரோமியே’ என்னும் சொற்கள் மெய்யாகவே இருந்தன. தாந்தே தம் ‘வீத்தா நுவோவா’ நூலில் திருப்பயணிகளை மூவகையாகப் பிரித்து, கடல் கடந்து கீழைத் திருநாட்டுக்குச் செல்வோர், சந்தியாகோவுக்குச் செல்வோர், உரோமைக்குச் செல்வோர் ஆகிய ஒவ்வொரு வகையார்க்கும் தனிப்பெயர் கூறுகிறார். ஆங்கிலத்திலும் 14ஆம் நூற்றாண்டில் லாங்லாந்து ‘உரோமைக்கு ஓடுவோர்’ என்னும் பொருள்படும் தொகைச்சொல்லைக் கையாண்டுள்ளார்.

ஆயினும் இவை யாவும் பெயர்ச்சொற்கள். இவற்றுள் ஒன்றிலிருந்து ஆங்கில வினை பிறந்தது என்பதற்கு இடைவடிவம் வேண்டும். அல்லது, திருப்பயணம் என்னும் பொருளிலேயே இவ்வினை பயின்றுவரும் தொடக்கக்கால ஆட்சி வேண்டும். பிற்காலச் சிலேடைகளைத் தவிர இத்தொடர்புக்குச் சான்று இல்லை என்பதே ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் முடிபு.

3. ஒலிச்சான்று

மறுப்புக்குரிய வலிய சான்று ஒலி வரலாற்றில் உள்ளது. தமிழில் நெடில் ஓகாரம் ஒன்றே. இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டு நெடில் ஓகாரங்கள் பொருள் வேறுபடுத்தின. ஒன்று வாய் அகன்று பிறப்பது. மற்றொன்று வாய் ஒடுங்கிப் பிறப்பது. இவற்றை முறையே திறந்த ஓகாரம், ஒடுங்கிய ஓகாரம் எனக் குறிக்கலாம்.

திறந்த ஓகாரம் பெரும்பாலும் பழைய ஆங்கிலத்தின் ஆகாரத்திலிருந்து வந்தது. கல்லைக் குறித்த ‘ஸ்தான்’ ‘ஸ்டோன்’ ஆயிற்று. படகைக் குறித்த ‘பாட்’ ‘போட்’ ஆயிற்று. நுரையைக் குறித்த ‘ஃபாம்’ ‘ஃபோம்’ ஆயிற்று. ஒடுங்கிய ஓகாரமோ பின்னர் ஊகாரமாக மாறியது. நிலவைக் குறித்த ‘மோனா’ ‘மூன்’ ஆனதும், வாத்தினத்துப் பறவையைக் குறித்த ‘கோஸ்’ ‘கூஸ்’ ஆனதும் இவ்விதிப்படியே.

‘ரோம்’ என்னும் வினை ஓ, ஏ என்னும் இரண்டு உயிரெழுத்துகளை இணைத்து எழுதப்படுகிறது. படகு, நுரை, வண்டல் மண் ஆகியவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களும் அவ்வாறே எழுதப்படுகின்றன. அவ்விணைப்பு திறந்த ஓகாரத்துக்கு உரியது. இதுபற்றியே அறிஞர் சிலர் ‘ராமியன்’ என்னும் பழைய ஆங்கில வினையை மீட்டுருவாக்கம் செய்து, பழைய நோர்சு மொழியில் அலைதலைக் குறிக்கும் சொற்களோடு ஒப்பிடுகின்றனர். நூற்சான்று பெறாத வடிவம் ஆதலின் அதற்கு உடுக்குறியிட்டே காட்டுவர்.

நகரப் பெயரோ ஒடுங்கிய ஓகாரம் உடையது. சாசர் தம் முகவுரையில் உரோமையின் பெயரை, ‘எனக்கு’, ‘என்னிடம்’ எனப் பொருள்படும் ‘டு மீ’ என்னும் இருசொல் தொடரோடு இயைபுத் தொடையாக அமைத்துள்ளார். அத்தொடரின் முதற்சொல் ஒடுங்கிய ஓகாரம் கொண்டிருந்தது. இன்று அது ‘டூ’ என்று ஒலிப்பதே அதற்குச் சான்று. விதிப்படி நகரப் பெயரும் ‘ரூம்’ என்று ஆதல் வேண்டும்; அவ்வாறே ஆயிற்று. ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் நகரப் பெயர், இடம் எனப் பொருள்படும் ‘ரூம்’ என்னும் சொல்லோடு சிலேடையாகிறது. அலெக்சாண்டர் போப் 1711இல் வெளியிட்ட ‘திறனாய்வு பற்றிய கட்டுரை’ என்னும் செய்யுளில் ஓரிடத்தில் அதனை ‘டூம்’ என்பதோடும், வேறோரிடத்தில் ‘டோம்’ என்பதோடும் இயைக்கிறார். இரண்டு ஒலிப்புகளும் உடன்வழங்கிய காலம் அது. 1791இல் வெளிவந்த ஜான் வாக்கரின் ஒலிப்பு அகராதி ஊகார ஒலிப்பையே அறுதியானதாகக் கூறுகிறது. ஓகார ஒலிப்பு அதன் பின்னரே முற்றாக நிலைபெற்றது.

இதனால் பெறப்படுவது யாது? வினை முதன்முதலாக நூல்களில் தோன்றிய காலத்தில் இவ்விரு சொற்களும் ஒத்தொலிக்கவில்லை. நகரப் பெயரிலிருந்து வினை பிறந்திருந்தால் அதுவும் ஒடுங்கிய ஓகாரம் பெற்றிருக்கும். இன்று காணும் ஒற்றுமை, இருவேறு சொற்கள் தத்தம் வழியில் வந்து ஓரிடத்தில் சந்தித்ததன் விளைவே. பிற்காலத்து ஒற்றுமை முற்காலத்து உறவுக்குச் சான்றாகாது.

4. சிலேடை சான்றாகுமா?

‘ஆறாம் ஹென்றி’ நாடகத்தின் முதற்பகுதியில், உரோமை இதற்குத் தீர்வு காணும் என்று ஒருவர் கூற, அப்படியானால் அங்கேயே திரியச் செல் என்று மற்றவர் மறுமொழி தருகிறார். நகரப் பெயரும் வினையும் இங்கே சிலேடையாகின்றன. இதனைப் பிறப்புச் சான்றாகக் கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. இவ்வாட்சி வினையின் முதல் வழக்குக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் பிற்பட்டது. மேலும், சிலேடை வேண்டுவது ஒலி நெருக்கம் மட்டுமே. காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பொருத்திக் காட்டினார்; அதுகொண்டு அவ்விரண்டையும் ஓரினமென்று எவரும் கொள்ளார். சிலேடை அக்கால ஒலிப்பை அறிய உதவும். சொல்லின் பிறப்பை அறிய உதவாது.

5. இணைநிகழ்வு: ‘சான்டர்’

மெல்ல நடத்தலைக் குறிக்கும் ‘சான்டர்’ என்னும் வினைக்கும் இத்தகைய கதை உண்டு. சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதி இரண்டு விளக்கங்கள் தருகிறது. திருநாட்டுக்குச் செல்வதாகக் கூறி இரந்து திரிந்தோரால் ‘சேன்ட் தேர்’ என்னும் பிரெஞ்சுத் தொடரிலிருந்து இச்சொல் வந்தது என்பது ஒன்று. நிலமில்லாதவர் எனப் பொருள்படும் ‘சான் தேர்’ என்பதிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. 1862 ஜூன் மாத ‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழில் வெளிவந்த ‘நடத்தல்’ என்னும் கட்டுரையில் ஹென்றி டேவிட் தோரோ இவ்விரண்டையும் எடுத்தாண்டு, முன்னதை விரும்பி ஏற்றார். கட்டுரையின் புகழால் விளக்கமும் பரவியது.

ஆனால் 15ஆம் நூற்றாண்டில் இவ்வினை சிந்தனையில் ஆழ்தல் என்னும் பொருளில் வழங்கியது. மெல்ல நடத்தல் என்னும் பொருள் 17ஆம் நூற்றாண்டில்தான் காணப்படுகிறது. நடைப்பொருளே பிற்பட்டதாயின், திருநாட்டுப் பயணம் அதற்கு மூலமாதல் எவ்வாறு? தோரோவின் கட்டுரைக்கு அக்கதை அழகு சேர்த்தது. சொல்லின் வரலாற்றுக்கு அது எதையும் சேர்க்கவில்லை.

6. ஊர்ப்பெயர் இயக்கச் சொல்லாதல்

ஊர்ப்பெயரிலிருந்து இயக்கச் சொல் பிறத்தல் இயலாததன்று. குதிரையின் மிதமான ஓட்டத்தைக் குறிக்கும் ‘கேன்டர்’ என்னும் சொல், 1170இல் கொலையுண்ட தாமஸ் பெக்கட்டின் கல்லறையை நாடிக் கேன்டர்பரிக்குச் சென்ற திருப்பயணிகளின் குதிரை நடையால் பெற்ற பெயர். இங்கே ‘கேன்டர்பரி ஓட்டம்’ என்னும் முழுத்தொடர் 17ஆம் நூற்றாண்டு வழக்கில் கிடைக்கிறது. அது குறுகியே இன்றைய வடிவம் அமைந்தது.

வளைந்து வளைந்து செல்லுதலைக் குறிக்கும் ‘மியாண்டர்’ மற்றொரு சான்று. இன்றைய துருக்கியில் பூயூக் மெண்டெரெஸ் எனப்படும் ஆற்றின் கிரேக்கப் பெயர் மையாண்ட்ரோஸ். அவ்வாற்றின் வளைவு மிகுதியால் வளைந்தவை யாவும் அதன் பெயரால் அழைக்கப்படுகின்றன என்று பண்டை நிலவியலாளர் ஸ்ட்ராபோவே குறித்துள்ளார். இவ்விரு சொற்களுக்கும் இடைவடிவமோ சமகாலக் குறிப்போ உண்டு. ‘ரோம்’ என்பதற்கு இரண்டும் இல்லை.

7. தமிழாய்வுக்குப் பொருந்துமாறு

ஒலியொப்புமையின் இருபக்கங்களையும் ஒருசேரக் காட்டும் தமிழ்ச்சான்று ‘காசு’. ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்னும் வடிவில் இரண்டு சொற்கள் உள்ளன. தென்னிந்தியாவிலும் கீழை நாடுகளிலும் வழங்கிய சிறு நாணயத்தின் பெயர் ஒன்று. அது தமிழ்க் ‘காசு’ போர்த்துகீசிய வழியாக ஆங்கிலம் புகுந்தது. சென்னைக் கணக்குமுறையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று வழங்கிய காலத்து ஆவணச் சொல் அது. கையிருப்புப் பணத்தைக் குறிக்கும் மற்றொரு ‘கேஷ்’, பெட்டி எனப் பொருள்படும் இலத்தீன் ‘காப்ஸா’விலிருந்து இத்தாலிய, பிரெஞ்சு வடிவங்களின் வழி வந்தது. வடிவும் பொருளும் நெருங்கியிருந்தும் இவை உறவற்றவை. பின்னதையும் தமிழென்று உரைப்பின், ஐயமற நிறுவப்பட்ட முன்னதன் மதிப்பும் குறையும்.

பொருட்போக்கின் ஒப்புமையும் உறவுக்குச் சான்றாகாது. தமிழில் ‘திரி’ என்பது முறுக்குதல், சுழலுதல், மாறுதல், அலைதல் ஆகிய பொருள்களைத் தழுவி நிற்கிறது. ஆங்கில ‘வாண்டர்’ என்பதும் திரும்புதல், சுற்றுதல் எனப் பொருள்படும் செர்மானிய வேரோடு உறவுடையது. சுழற்சியிலிருந்து அலைச்சலுக்கு என்னும் இப்போக்கு இருமொழிகளிலும் தனித்தனியே நிகழ்ந்தது.

முடிவுரை

‘ரோம்’ என்னும் வினை உரோமையிலிருந்து பிறந்ததன்று என்பதற்குப் பழைய பொருளும் பழைய ஒலியும் சான்றாகின்றன; இடைவடிவம் இன்மை அதனை வலியுறுத்துகிறது. அதன் மெய்யான பிறப்போ மீட்டுருவாக்க அளவிலேயே நிற்கிறது. ஒரு விளக்கத்தை மறுத்தவுடன் மற்றொன்றை நிறுவியாக வேண்டும் என்னும் கட்டாயம் சொற்பிறப்பியலில் இல்லை. ‘பிறப்பு உறுதியற்றது’ என்று அகராதி எழுதுவதும் ஆய்வின் முடிபே.

சொல்லின் இன்றைய ஒலியை அதன் பண்டை ஒலியாகக் கொள்ளாமை, முதல் ஆட்சியின் பொருளிலிருந்து தொடங்குதல், இடைவடிவம் தேடுதல் ஆகிய மூன்றும் தமிழ்ச் சொற்பிறப்பு அகராதிப் பணியில் ஒவ்வொரு பதிவுக்கும் பின்பற்றத்தக்கன. கல்வெட்டும் சங்க நூல்களும் உரைகளும் காலவரிசையில் சான்று தரும் மொழி தமிழ். அச்சான்றுகளை வரிசைப்படுத்திய பின்னரே ஒலியொப்புமையைக் கருத்தில் கொள்ளுதல் முறையாகும்.