ஆபரேஷன் செலவு எந்த மாநிலத்தின் கணக்கில்?

குடுபல்லி ரயில் நிலையத்தில் ஒரு பக்கம் போகும் வண்டியில் ஏறினால் பங்காருப்பேட்டை, அது கர்நாடகம். மறுபக்கம் குப்பம் தாண்டிப் போனால் ஜோலார்பேட்டை, தமிழ்நாடு. ஊர் இருப்பது ஆந்திரத்தில். நல்ல ஆஸ்பத்திரி தேடி இந்தப் பக்கத்து மக்கள் மூன்று மாநிலங்களுக்கும் போவார்கள். பணம் கட்டும் அரசு மட்டும் ரேஷன் கார்டோடு நின்றுவிடுகிறது.

மருத்துவமனைகள் அரசியல் சாசனப்படி மாநிலப் பட்டியலில் இருப்பவை. அதனால் சிகிச்சைச் செலவை ஏற்பதில் ஒவ்வொரு மாநிலமும் தன் வழியில் போயிற்று. ஆந்திரத்தில் ராஜசேகர ரெட்டி ஆட்சியில் 2007இல் ஆரோக்யஸ்ரீ என்ற சிகிச்சைத் திட்டம் தொடங்கியது. முதலில் காப்பீட்டு நிறுவனம் வழியாக. மறு ஆண்டே அரசு அறக்கட்டளை மருத்துவமனைகளுக்கு நேரடியாகப் பணம் தரும் முறையும் வந்தது. கர்நாடகமும் அறக்கட்டளை வழிதான். தமிழ்நாடு 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஆட்சி மாறி, திட்டத்தின் பெயர் மாறியும், குடும்பத்துக்கு இவ்வளவு என்று நிறுவனத்துக்குப் பிரீமியம் கட்டும் முறை நீடித்தது.

பிரீமியம் கட்டிவிட்டால், நோயாளிகள் எதிர்பாராமல் கூடும் ஆண்டில் நஷ்டம் நிறுவனத்துக்கு. (அடுத்த டெண்டரில் அதை ஏற்றிக் கேட்பார்கள் என்பது வேறு கதை.) அறக்கட்டளை முறையில் நிறுவனத்தின் லாபம் மிச்சம், ஆனால் ஒவ்வொரு பில்லும் அரசுக் கஜானாவுக்கே வரும். பணம் தாமதமானால் நிலுவை ஏறும், தனியார் மருத்துவமனைகள் சேவையை நிறுத்தும். ஆந்திரத்தில் இது நடந்திருக்கிறது. 2023 டிசம்பரில் அங்கே சிகிச்சைச் செலவுக்கான உச்சவரம்பு 25 லட்சம் ரூபாயானது. தமிழ்நாட்டில் பொதுவாக 5 லட்சம். எனக்கு அந்த 25 பெரிதாகப் படவில்லை. பில் எத்தனை நாளில் தீர்கிறது என்று பார்த்தால்தான் திட்டத்தின் பலம் தெரியும்.

2018இல் வந்த மத்தியத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்தில், இந்த மூன்று மாநிலங்களிலும் மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம் என்று பங்கு. தொடக்கத்தில் அதுவும் மத்தியப் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு மட்டும். மத்திய அரசு ஏற்காதவர்களைச் சேர்த்தால் முழுச் செலவும் மாநிலத்துடையது.

கனடாவிலும் மருத்துவமனைகள் மாகாணங்களின் பொறுப்பே. 1984இல் வந்த சுகாதாரச் சட்டத்தின் ஐந்து நிபந்தனைகளை ஏற்கும் மாகாணத்துக்கு மத்திய அரசு பணம் தருகிறது. 2014 முதல் அது மக்கள்தொகைக்கேற்ப, தலைக்கு ஒரே அளவு. எல்லைச் சிக்கல் அங்கும் உண்டு. மாகாணங்களுக்கிடையிலான மருத்துவர் கட்டண ஒப்பந்தத்தில் கியூபெக் சேரவில்லை. கியூபெக்காரர் ஒன்டாரியோ டாக்டரைப் பார்த்தால் கைக்காசு போடவேண்டி வரலாம்.

மறுபடி ஆந்திரத்துக்கு வருவோம். 2019 முதல் சென்னை, பெங்களூர், ஹைதராபாத்தில் தேர்ந்தெடுத்த சில மருத்துவமனைகளிலும் ஆரோக்யஸ்ரீ செல்லத் தொடங்கியது. எல்லை தாண்டும் முன், அந்த மருத்துவமனையும் உங்களுக்கான சிகிச்சையும் பட்டியலில் உண்டா என்று திட்டத்தின் உதவியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.